எந்தப் புத்தகம் வாங்கட்டும், மிஸ்?

பள்ளியை முடித்துப் போன மாணவர்கள் நம்மைத் தேடி வருவதற்கு முன்பெல்லாம் சில காரணங்களே இருந்தன: நன்னடத்தைச் சான்று, மாற்றுச் சான்றிதழின் நகல், கல்யாணப் பத்திரிகை. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "மிஸ், சி.சி.என்.ஏ. எழுதலாம்னு இருக்கேன். எந்த புக் வாங்கட்டும்?"

திருவேற்காட்டில் இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. இங்கிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்துவிடும். லேத்துப் பட்டறைகளும் பிரஸ் கடைகளும் நிறைந்த அதே பகுதியில் இன்று கணினி நிறுவனங்களும் பெரிய தரவு மையங்களும் இயங்குகின்றன. அங்கே இரவுப் பணியில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் நம் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள். ஒரு சான்றிதழ் இருந்தால் அடுத்த படி ஏறலாம் என்று அவர்களுக்குத் தெரியும். எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. அதனால் நம்மிடம் வருகிறார்கள்.

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். ரூட்டரைப் பிரித்துப் பார்த்தவள் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்கு உதவ நம்மில் யாராலும் முடியும் என்று நினைக்கிறேன். வினாத்தாள் எப்படி உருவாகிறது, பாட எடை என்றால் என்ன, மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதெல்லாம் நாம் பி.எட்.டில் படித்து, தினமும் செய்துவரும் வேலை. தொழில்நுட்பம் அவர்களுக்குத் தெரியும். தேர்வு என்பது நமக்குத் தெரியும்.

எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல

பிள்ளைகள் 'கம்ப்யூட்டர் சர்டிஃபிகேட்' என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் நான்கைந்து வகை இருக்கின்றன. நம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்த் தேர்வில் எழுத்துத் தேர்வும் செய்முறையும் உண்டு. தட்டச்சர் பணிக்குப் போகிறவர்களுக்கு அது தேவை. மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் சி.சி.சி. தேர்வு 100 வினாக்கள், 90 நிமிடங்கள் கொண்டது. 'ஓ' நிலை அதைவிடக் கனமானது. பைதான், வலைப்பக்க வடிவமைப்பு, பொருள்களின் இணையம் என்று அதில் தனித்தனித் தாள்கள் உண்டு. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இன்னொரு வகை. அதில் வாரந்தோறும் தரும் ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும். ஒப்படைப்பில் 25-க்கு 24 வாங்கியிருந்தாலும், தேர்வில் 75-க்கு 30 எட்டாவிட்டால் சான்றிதழ் கிடையாது. ஒப்படைப்பை நண்பரிடம் பார்த்து எழுதியவர்கள் விழும் இடம் இதுதான்.

கடைசி வகை நிறுவனங்கள் நடத்தும் தேர்வுகள். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர், மைக்ரோசாஃப்ட், காம்ப்டியா தேர்வுகள் இதில் அடங்கும். அதிகப் பணமும் அதிகக் கண்ணீரும் இங்கேதான். சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். வரியோடு சேர்த்தால் இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும். தவறினால் மறுமுறைக்கும் முழுக் கட்டணம். நம் துணைத்தேர்வுக் கட்டணத்தை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. ஒரு இளைஞரின் மாதச் சம்பளமே இதைவிடக் குறைவாக இருக்கலாம். எனவே 'எந்தப் புத்தகம்' என்பது சின்னக் கேள்வி அல்ல.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் சி.சி.என்.ஏ.வையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பகுதிப் பிள்ளைகள் அதிகம் கேட்பது அதைத்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு தாள்

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, புத்தகக் கடைக்குப் போகாதே என்பதுதான். ஒவ்வொரு தேர்வுக்கும் அந்த நிறுவனமே பாடத்தலைப்புப் பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. நாம் வினாத்தாள் திட்ட வரைவு என்று சொல்வதற்கு நெருக்கமானது அது. சி.சி.என்.ஏ.வில் ஆறு பகுதிகள்: வலையமைப்பு அடிப்படைகள் 20 விழுக்காடு, வலையமைப்பு அணுகல் 20, ஐ.பி. இணைப்பு 25, ஐ.பி. சேவைகள் 10, பாதுகாப்பு அடிப்படைகள் 15, தானியக்கமும் நிரலாக்கமும் 10. அந்தத் தாளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டச் சொல்கிறேன்.

அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தலைப்புகளின் முன்னால் உள்ள வினைச்சொற்களைக் கவனியுங்கள். ஒரு தலைப்பு 'விளக்குக' என்கிறது, இன்னொன்று 'ஒப்பிடுக' என்கிறது, மற்றொன்று 'அமைத்துச் சரிபார்க்க' என்கிறது. 1956-இல் புளூம் வகுத்த அறிதல், புரிதல், பயன்படுத்தல் படிநிலையை நாம் பாடத்திட்டக் குறிப்பேட்டில் எழுதி எழுதிச் சலித்திருக்கிறோம். இங்கே அது உண்மையாகவே பயன்படுகிறது. 'விளக்குக' என்ற தலைப்பைப் புத்தகத்தில் படித்தால் போதும். 'அமைத்துச் சரிபார்க்க' என்பதைக் கையால் செய்து பார்க்காமல் தேற முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பத்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால், வாங்க வேண்டிய பொருள்களில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

அடுத்தது பதிப்பு எண். இப்போதைய சி.சி.என்.ஏ. தேர்வின் எண் 200-301. அது 2020 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் முதல் அதன் தலைப்புப் பட்டியல் 1.1 என்று திருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய தேர்வு எண் கொண்ட தடித்த புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அடிப்படைகள் மாறவில்லை என்பது உண்மைதான். ஆனால் நீக்கப்பட்ட பாடத்துக்கு ஒரு மாதம் செலவழித்து, சேர்க்கப்பட்ட பாடத்தைப் பார்க்காமலே போனவர்கள் இருக்கிறார்கள். பழைய பாடத்திட்ட உரைநூலை வைத்துப் புதிய பாடத்திட்டத் தேர்வு எழுதினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பரணில் இருக்கும் முதல் புத்தகம்

ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கப் புத்தகத்தைத் திறந்து இரண்டாம் நாளே மூடிவைக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல். கணினி வலையமைப்பு, நெறிமுறைகள், களப்பெயர் முறைமை, வலையமைப்பு வடமிடல் என்று அடுத்தடுத்துப் பாடங்கள் அதில் இருக்கின்றன. ஓ.எஸ்.ஐ. அடுக்குகளும் ஆர்.ஜே.45 இணைப்பானும் தமிழில் விளக்கப்பட்டிருக்கின்றன. இரும எண்முறை பதினோராம் வகுப்பு நூலிலேயே வந்துவிடுகிறது. தேர்வுக்கு வேண்டிய ஆழம் அதில் இல்லை. அதற்காக எழுதப்பட்ட நூலும் அல்ல. ஆனால் கருத்து தமிழில் பிடிபட்ட பிறகு ஆங்கில நூலைத் திறப்பதும், எதுவுமே பிடிபடாமல் திறப்பதும் ஒன்றல்ல.

சி.சி.என்.ஏ.வைத் தமிழில் எழுத முடியாது. ஆகவே ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். அகராதியிலிருந்து எடுத்து எழுதக் கூடாது. "கேட்வே என்பது நம்ம தெருவை விட்டு வெளியே போற முனை" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவளுக்கு அது இனி மறக்காது.

ரூட்டர் எப்படி வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு நான் அஞ்சல் குறியீட்டைச் சொல்வேன். 600 என்று தொடங்கினால் சென்னைப் பக்கம். 600077 என்றால் திருவேற்காடு. இரண்டு வழியும் தெரிந்த ஒருவர் கடிதத்தை எங்கே அனுப்புவார்? அதிக இலக்கம் பொருந்துகிற வழியில்தான். ரூட்டரும் தன் அட்டவணையில் முகவரியோடு அதிக இலக்கம் பொருந்தும் வரியையே எடுக்கிறது. பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு ஒரு புத்தகம், ஒரு காணொளித் தொடர், ஒரு செய்முறைக் கருவி. மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. சிஸ்கோ பிரஸ் வெளியிடும் வெண்டல் ஓடம் எழுதிய இரண்டு தொகுதிகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். செய்முறைக்கு ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய சுவிட்சும் ரூட்டரும் வாங்க வேண்டியதில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற பாவனை மென்பொருள் இலவசம். பதிவு செய்துகொண்டால் போதும். ஆனால் கைப்பேசியில் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. கணினி வேண்டும், அதில் 4 ஜி.பி. நினைவகமாவது வேண்டும். வீட்டில் பழைய விலையில்லா மடிக்கணினி இருந்தால் முதலில் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பத்துக் காணொளித் தொடர்களைச் சேமித்துவைத்து ஒன்றையும் முடிக்காத பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்க்கிறோம். சேமிப்பதே படித்துவிட்ட நிறைவைத் தந்துவிடுகிறது. திரும்பத் திரும்பப் படிப்பதும் அப்படித்தான். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்து, மூன்று முறை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முன்னால் இருந்தார்கள், 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. மாணவர் ஏமாறுவது அந்த ஐந்தாம் நிமிடத்தில்தான். "எல்லாம் தெரியுது மிஸ், எக்ஸாம்லதான் வரல" என்பதன் பின்னால் இருப்பதும் அதுவே. நல்ல படிப்புப் பொருள் எது என்று கேட்டால், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் புத்தகத்தை மூடச்சொல்லிக் கேள்வி கேட்பது என்று சொல்வேன்.

'டம்ப்' என்னும் வினாவங்கி

வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களில் சுற்றும் 'டம்ப்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்வில் வந்த கேள்விகளை எழுதியவர்கள் நினைவில் வைத்து, அல்லது திருடி, தொகுத்து விற்கும் பி.டி.எஃப். கோப்புதான் டம்ப். 'உண்மையான கேள்விகள், உறுதியான தேர்ச்சி' என்று விளம்பரம் இருக்கும். விடை இருக்கும். ஏன் அது விடை என்ற விளக்கம் இருக்காது. விடைகளில் தவறும் நிறைய இருக்கும்.

இது தவறு என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் வளர்ந்த தேர்வு முறையில் பழைய வினாத்தாள் என்பது முறையான படிப்புப் பொருள். அரசே மாதிரி வினாத்தாள் வெளியிடுகிறது. தேர்வு முடிந்ததும் வினாத்தாளைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நாமே ஐந்தாண்டு வினாத்தாள்களைத் தொகுத்துக் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொல்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு டம்ப் என்பது இன்னொரு வினாவங்கி, அவ்வளவுதான். நேர்மை பற்றி உபதேசம் செய்வதைவிட வேறுபாட்டை விளக்குவது பலன் தரும். நிறுவனத் தேர்வில் அமர்ந்ததும், கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்ற உடன்பாட்டை ஏற்றுக்கொண்ட பிறகே முதல் வினா திரையில் வரும். மீறினால் சான்றிதழ் பறிபோகும், மீண்டும் எழுதவே தடை வரலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மைக்ரோசாஃப்ட் தேர்வுக் கேள்விகளை விற்ற ஒருவர் 2002-இல் நீதிமன்றத்தில் வணிக இரகசியத் திருட்டை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

(நாமும் ஒரு பழக்கத்தை விட வேண்டும். தேர்வு முடிந்து வந்த பிள்ளையிடம் "என்ன கேள்வி கேட்டாங்க, சொல்லு" என்று ஆவலோடு கேட்போம் அல்லவா? இந்தத் தேர்வில் அந்தக் கேள்வியே கூடாது.)

சட்டத்தை விடுங்கள், டம்ப் கணக்கிலேயே தோற்கிறது. நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் உதாரணம் இது. 192.168.10.77 என்ற முகவரி, அதன் பின்னால் /26. அது எந்தத் தொகுதியில் விழுகிறது? ஐ.பி. முகவரியில் மொத்தம் 32 பிட். 32-இல் 26 போனால் 6. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஆக, தொகுதிகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 77 என்பது 64 முதல் 127 வரையுள்ள தொகுதியில் விழுகிறது. முதல் எண் வலையமைப்புக்கு, கடைசி எண் எல்லாருக்கும் அனுப்புவதற்கு, நடுவில் 62 கருவிகளுக்கு இடம். எல்லாருக்கும் அனுப்பும் முகவரி .127. டம்பை மனப்பாடம் செய்தவர் '77 என்றால் 127' என்று வைத்திருப்பார். தேர்வில் /26 என்பது /27 என்று மாறி வருகிறது. இப்போது தொகுதி 32-இன் மடங்குகள். 77 விழுவது 64 முதல் 95 வரை. விடை .95. மனப்பாடம் செய்தவர் 127-ஐத் தொட்டுவிட்டு, தெரிந்த கேள்வி வந்தது என்ற மகிழ்ச்சியோடு அடுத்ததற்குப் போவார். வெளியே வந்து, "எல்லாம் டம்ப்ல இருந்துதான் வந்துச்சு, ஆனா ஃபெயில்" என்பார்.

இதற்கு வேண்டியது எட்டாம் வகுப்பு அடுக்குக்குறி விதி மட்டுமே. நம் கணித வகுப்பில் இரண்டின் அடுக்குகளை எழுதச் சொல்லும்போது இந்த ஒரு பயன்பாட்டைச் சொல்லிவைத்தால் என்ன?

பயிற்சித் தேர்வு வேறு, டம்ப் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிப்பாளர்கள் தாங்களே எழுதும் பயிற்சி வினாக்களில், சரியான விடைக்கு மட்டுமின்றி மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதற்கும் விளக்கம் இருக்கும். அந்த விளக்கம் இருக்கிறதா என்று பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

'ஃபெயில் மிஸ்'

சென்ற ஆண்டு ஒரு முன்னாள் மாணவன் தன் மதிப்பெண் தாளைப் படமெடுத்து அனுப்பி, கீழே "ஃபெயில் மிஸ்" என்று மட்டும் எழுதியிருந்தான். பி.சி.ஏ. முடித்தவன். அம்பத்தூரில் இரவுப் பணி. சனிக்கிழமை மதியம் பள்ளிக்கு வரச் சொன்னேன்.

"வீட்ல சொல்லிட்டியாப்பா?"

"இல்ல மிஸ். ரிசல்ட் இன்னும் வரலன்னு சொல்லி வச்சிருக்கேன். அம்மா கம்மல அடகு வச்சுத்தான் கட்டினேன்."

தேர்வை முடித்துச் சிறிது நேரத்தில் தெரிந்துவிடும் முடிவை அவன் பத்து நாளாக உள்ளேயே வைத்திருந்தான். அன்று நாங்கள் பாடம் எதுவும் பேசவில்லை. அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் பேசினோம். தோல்வியை ஒளித்துவைத்திருக்கும் வரை எந்தப் பிள்ளையும் அடுத்த வேலையைத் தொடங்குவதில்லை. நாம் பார்க்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான். அவன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்றும் கேட்டேன். அந்தப் பதில் சரியில்லை என்றால் 104-க்கோ, 14416 டெலி மானஸ் எண்ணுக்கோ அழைக்கச் சொல்ல நாம் தயங்கக் கூடாது. பள்ளி மாணவருக்கு மட்டும்தான் அந்த அக்கறை வேண்டும் என்றில்லை.

பணத்தைப் பற்றி என் கருத்து உறுதியானது. முதலில் கம்மலை மீட்க வேண்டும். இரண்டாம் கட்டணம் அதன் பிறகு. ஐந்து நாள் கழிந்தால் சி.சி.என்.ஏ.வை மறுபடி எழுத விதி அனுமதிக்கிறது. அமேசான் தேர்வுக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டில் முதல் தோல்விக்குப் பின் 24 மணி நேரம் போதும். ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காகச் சூட்டோடு சூடாகப் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் அதே அறிவோடுதான் போய் உட்காருகிறார்கள். ஐந்து நாளில் ஐ.பி. இணைப்புப் பகுதி முழுவதும் வந்துவிடாது.

தோல்விக்குக் காரணம் எப்போதும் எழுதியவர் மட்டும் அல்ல என்பதை நம் துறையே பார்த்திருக்கிறது. 2012 ஜூலை 12 அன்று நம் மாநிலத்தில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை நினைத்துப் பாருங்கள். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்கூட இல்லை. 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரமே தரப்பட்டிருந்தது. அக்டோபர் 14 அன்று நடந்த மறுதேர்வில் நேரம் மூன்று மணியாக உயர்த்தப்பட்டது, தேர்ச்சியும் பல மடங்கு கூடியது. மூன்று மாதத்துக்குள் எல்லாரும் திடீரென்று அறிவாளிகள் ஆகிவிடவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின், பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள நம் சக ஆசிரியர்களே பலர் மறுபடி தேர்வர்களாகிப் புத்தகம் தேடுகிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் தேர்வுக்குப் படிப்பது எப்படி இருக்கும் என்று இப்போது நமக்குப் பேச்சளவில் அல்ல, நேராகவே தெரியும்.

மதிப்பெண் தாளைப் படிப்பது

சிஸ்கோ எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்பதை வெளியிடுவதில்லை. தேர்வருக்குக் கிடைப்பது பகுதிவாரியான விழுக்காடு மட்டுமே. விடைத்தாள் நகல், மறுகூட்டல் என்று நமக்குப் பழக்கமான எதுவும் அங்கே இல்லை. ஆகவே அந்த ஆறு எண்கள்தான் நம் குறையறி சோதனை.

அந்த மாணவனுடைய எண்களை இங்கே தருவது முறையல்ல. கற்பனையாக ஒன்றை வைத்துக்கொள்வோம். அடிப்படைகள் 85, அணுகல் 70, ஐ.பி. இணைப்பு 44, சேவைகள் 60, பாதுகாப்பு 60, தானியக்கம் 40. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் தானியக்கத்துக்கு ஓடுவார்கள், எண் அதில்தான் குறைவு என்பதால். எடையோடு பெருக்கிப் பாருங்கள். 10 எடை உள்ள தானியக்கத்தில் இழந்தது 6. 25 எடை உள்ள ஐ.பி. இணைப்பில் இழந்தது 14. அணுகலில் 70 எடுத்திருந்தும் இழப்பு 6, தானியக்கத்துக்குச் சமம். நிறுவனம் உண்மையில் எப்படி மதிப்பிடுகிறது என்பது வேறு. எங்கே நேரத்தைப் போடுவது என்று முடிவு செய்ய இந்தக் கணக்கு போதும். கணக்குப் போட்டதும் பிள்ளையின் முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். 'நான் முட்டாள்' என்று வந்தவர் 'ரூட்டிங் எனக்கு வரவில்லை' என்று பேச ஆரம்பிக்கிறார். அதற்கு மருந்து உண்டு: அட்டவணையைப் படிப்பது, நிலையான வழி அமைப்பது, ஓ.எஸ்.பி.எஃப். அமைப்பது. பாக்கெட் டிரேசரில் ஒவ்வொன்றையும் புத்தகம் பார்க்காமல் மூன்று முறை செய்து காட்ட வேண்டும்.

பாடம் தெரிந்தும் விழுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டியது நேரத்தைப் பற்றி. நம் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் தருகிறோம். தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததைக் கடைசியில் பார் என்று பத்தாண்டு சொல்லி வளர்க்கிறோம். சிஸ்கோ தேர்வில் ஒரு வினாவை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. 120 நிமிடமும் முன்னோக்கி மட்டுமே. நம் பிள்ளைகளுக்கு இது கையைக் கட்டிப் போட்டது போல. முதல் செய்முறை வினாவில் கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு, கடைசி வினாக்களைப் படிக்காமலே தொட்டுவிட்டு வருகிறார்கள். வீட்டில் பயிற்சி வினாக்களைச் செய்யும்போதே திரும்பிப் பார்க்காமல் செய்து பழக வேண்டும். தெரியாத வினாவில் இரண்டு விடைகளைக் கழித்துவிட்டு, ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்வதும் ஒரு பயிற்சிதான்.

அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர், மைக்ரோசாஃப்ட் தேர்வுகளில் 1000-க்கு 700 தேர்ச்சி என்று இருக்கும். அதை 70 விழுக்காடு என்று படிக்கக் கூடாது. வினாக்களின் கடினத்தன்மையைக் கணக்கில் எடுத்து மாற்றப்பட்ட எண் அது. 690 வாங்கியவர் 'ஒரு கேள்வியில் போச்சு' என்று அழுவதும், 'சும்மா திருப்பி எழுதினால் வந்துவிடும்' என்று அலட்சியப்படுவதும் இந்தத் தவறான வாசிப்பால் வருபவை. அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வில் 65 வினாக்களில் 15 வினாக்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கும் வினாக்கள் அவை. எவை என்று சொல்ல மாட்டார்கள். கேள்விப்படாத ஒன்று வந்தால் கலங்காமல் நகர்ந்துவிட இந்தச் செய்தி உதவும்.

பெயரும் தலைப்பெழுத்தும்

கடைசியாக, படிப்போடு தொடர்பில்லாத ஒன்று. இந்தத் தேர்வுகளுக்குப் பதிவு செய்யும் பெயரும், மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டுப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ பெயரும் தலைப்பெழுத்தும்தான். மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுவதுமாக என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் கட்டிவிட்டு வாசலில் திரும்பி வர நேரிடலாம். எந்த அட்டையைக் காட்டப் போகிறோமோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்தெந்த அட்டை ஏற்கப்படும் என்பதையும் பதிவின்போதே பார்த்துவிட வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கும் வேலை ஆண்டுதோறும் நம் மேசைக்கு வருகிறது. எமிஸ் பதிவையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டலையும் தலைப்பெழுத்தின் இடத்தையும் பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அப்போது ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிட வேலை.